விளியைத் திருத்தியவள்

மார்த்தாண்டத்தில் தோழி மகளின் கல்யாணச் சாப்பாடு முடிந்த கையோடு நான் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கும்படி நான் ஏதும் செய்திருப்பதாகவே அப்போது எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு போன ஒருத்தியைச் சமாதானம் செய்து கூட்டி வருகிற பெரிய மனுஷியாகத்தான் பஸ் ஏறினேன்.

எங்களுக்கு 'மூன்று வரி' என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலையில் யாராவது ஒருவர் ஒரு ஹைக்கூ போடுவார். பொழுது சாய்வதற்குள் மற்றவர்கள் அதற்கு ஹைக்கூவிலேயே பதில் சொல்ல வேண்டும். 'அருமை' கூடாது, கைகூப்பு கூடாது, பூங்கொத்து கூடாது. கவிதைக்கு விளக்கம் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. இந்தச் சட்டதிட்டம் எல்லாம் என் உபயம். மதுரையில் முப்பது வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் சும்மா இருப்பேனா?

குழுவில் எல்லோரையும்விடச் சுருக்கமாக எழுதுகிறவள் றோஸ்லின். கேரள எல்லையில் செங்கல் என்கிற ஊரில் வீடு, நெய்யாற்றின்கரையில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. பெயரை றகரம் போட்டுத்தான் எழுதுவாள். சொல்லுக்கு முதலில் றகரம் வராது என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்க பேரு அப்பிடித்தான் டீச்சர்" என்று பதில் வந்தது. 

சென்ற மாதம் எங்கள் கவிதைகளைச் சிறு புத்தகமாக அச்சிட்டோம். மெய்ப்புத் திருத்தியது நான்தான். றோஸ்லின் கொடுத்த கவிதை புத்தகத்தில் இப்படி வந்தது:

சக்கை மணம்
வேலிக்கு அப்புறமிருந்து
பழைய விழி

சக்கை என்றால் அந்தப் பக்கம் பலா என்று எனக்குத் தெரியும். ஆகவே அதில் கை வைக்கவில்லை. வட்டாரச் சொல்லைக் காப்பாற்றிய பெருமையில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். கடைசிச் சொல்லை அவள் 'விளி' என்று எழுதியிருந்தாள். ழகரப் பிழை. பேனா தானாகவே போய்த் திருத்திவிட்டு வந்தது.

புத்தகம் போய்ச் சேர்ந்த வாரத்தில் அவள் குழுவில் ஒரு கவிதை போட்டாள்:

வால் முளைத்துவிட்டது
நான் அனுப்பிய பறவைக்கு
கூடு சேரவில்லை

எல்லோருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. ஆளாளுக்குப் பறவை விட்டோம். 'கூடு எதற்கு, வானமே வீடு' என்கிற மாதிரி நானும் மூன்று வரி எழுதி அனுப்பினேன். அன்று மாலையே 'றோஸ்லின் வெளியேறினார்' என்று திரையில் வந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. புத்தகக் கட்டு அனுப்பிய முகவரி கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

முதல் நாள் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் இறங்கியதும் என் படிப்பு முடிந்துபோனது. பலகைகளில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. முப்பது வருடம் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் எழுத்தறியாதவளாக நடுவில் நின்றேன். புறப்படத் தயாராக இருந்த ஒரு பஸ்ஸைக் காட்டிப் பக்கத்தில் நின்றவரிடம், "இது செங்கல் போகுமா?" என்று கேட்டேன். "போகும், இப்பம் போகும்" என்றார். நான் ஏறினேன். பஸ்ஸும் அவர் சொன்னபடி அப்போதே போனது.

கால் மணி நேரம் கழித்து நடத்துநர் என் சீட்டுக்கு வந்தார். "செங்கலா? அம்மா, இது காஞ்சிரங்குளத்துக்குப் போற வண்டியாக்கும். செங்கல் அந்தப் பக்கமில்லா கிடக்குது." நான் பயந்து முழித்ததைப் பார்த்து மனம் இளகியவராக, "பேடிக்காண்டாம். காஞ்சிரங்குளத்தில இறங்கி ஒரு சாயா குடிச்சிட்டுத் திரும்பி வாங்க" என்றார். எங்கள் ஊர் என்றால் 'ஏறும்போதே கேட்க மாட்டீங்களா' என்று தொடங்கி என் வம்சம் வரைக்கும் போயிருப்பார்கள். இங்கே தவறான பஸ்ஸுக்குச் சாயாதான் தண்டனை.

பக்கத்து இருக்கையில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். பஸ் இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஆ, பஸ்ஸிலயாக்கும் இருக்கேன். ஒண்ணும் கேக்கல்ல. நீ விளிக்காண்டாம், நான் பொறவு விளிக்கேன்" என்று கத்திவிட்டு வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"விளிக்கேன்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"கூப்பிடுகேன் எண்ணு அர்த்தம். நீங்க இஞ்ச உள்ளது இல்ல, இல்லியா?"

நான் இங்கே உள்ளவள் இல்லைதான். ஆனால் தமிழ் உள்ளவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வேற்றுமைக்கு என்ன பெயர்? விளி வேற்றுமை. விளித்தல் என்றால் அழைத்தல். வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைத்த சொல். தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண். அந்தச் சொல்லை ஒருத்தி உயிரோடு எழுதிக் கொடுத்தபோது எனக்கு அது பிழையாகத் தெரிந்திருக்கிறது.

காஞ்சிரங்குளத்தில் இறங்கி நடத்துநர் சொன்னபடி சாயாக் கடையில் உட்கார்ந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மாவில் தோய்த்துப் பொரித்த ஏத்தன் வாழைப்பழம் இருந்தது. வாழைக்காப்பம் என்றார் கடைக்காரர். அவர் நாக்கில் அந்த ழகரம் எந்தச் சிரமமும் இல்லாமல் உருண்டு விழுந்ததைக் கேட்டேன். பெஞ்சில் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரிந்த வரையில் ஒருவர், 'நேற்றுப் பெய்ததெல்லாம் ஒரு மழையா?' என்றார். மற்றவர், 'துணி காயப் போட்டவனிடம் போய்க் கேள்' என்றார். வேறொரு நாளாக இருந்தால் உடனே குறித்து வைத்திருப்பேன். அன்று பை திறக்கவே கை வரவில்லை.

சாயா ஆறும்வரை அந்தப் பறவைக் கவிதையைத்தான் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் படித்தேன். வால் முளைத்துவிட்டது. ளகரத்தை ழகரம் ஆக்கினால் கீழே ஒரு வால் வருகிறது. என் சட்டத்தை மீறாமல், என் முகத்துக்கு நேராக, என் பிழையைச் சொல்லியிருக்கிறாள். நானோ வானத்தைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இருட்டிவிட்டதால் நெய்யாற்றின்கரைக்கே திரும்பி ஒரு விடுதியில் தங்கினேன். இரண்டாம் நாள் காலை, விடுதிக்கு எதிரில் புட்டும் பயறும் பப்படமும் கிடைத்தன. மூன்றையும் சேர்த்து நொறுக்கிப் பிசைய வேண்டுமாம். தனித்தனியாகத் தின்ற என்னைப் பரிமாறுகிறவர் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு றோஸ்லின் வேலை பார்க்கிற பல் மருத்துவமனையைத் தேடிப் போனேன். அவளை அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. வரவேற்பு மேசையில் சீட்டைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஐம்பது வயதுப் பெண், ஒவ்வொரு பெயரையும் கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னாள். விளியை எழுதியவள் இவள்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவளும் கண்டுபிடித்துவிட்டாள். "டீச்சரா? இந்தப் பக்கம் ஏதாம் கல்யாணத்துக்கு வந்தியளாக்கும்?"

"உன்னப் பார்க்கத்தான் வந்தேன்."

"உச்சைக்கு ஒரு மணி வரை ஆளு உண்டு. இரிங்க."

பல்வலிக்காரர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு உள்ளறைக்குக் கூட்டிப் போய் டப்பாவைத் திறந்து பாதியை எனக்கு எடுத்து வைத்தாள். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துத் தேங்காய் போட்டுக் குழைத்தது, கூடவே சிவப்பாக மீன் குழம்பு. அதை வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"விளிதானே? நான்தான் மாத்துனேன். பிழைன்னு நெனச்சுட்டேன்."

அவள் மீன் குழம்பை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சாப்பிடுங்க டீச்சர், ஆறிப் போவும்" என்றாள். சாப்பிடச் சாப்பிடத்தான் விஷயம் வந்தது.

வேலிக்கு அப்புறம் ஓமனா வீடு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. கல்யாணமாகி வந்ததும் அடுத்தடுத்த வீடு. ஓமனா வீட்டுப் பலாமரத்தின் கொம்பு ஒன்று றோஸ்லினின் அடுக்களைக் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. காற்று வீசினால் முறிந்து விழுமோ என்று இவளுக்கு உறக்கம் வராது. நாலு வருடத்துக்கு முன் ஓமனா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இவள் ஆளை விட்டு அதை வெட்டிப் போட்டுவிட்டாள்.

"கொம்பு நிறைய சக்கை கிடந்துது டீச்சர். அவகிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கணும். தப்பு எனக்கதாக்கும். அண்ணையிலேருந்து மிண்டாட்டம் இல்ல, பேச்சு இல்ல. முன்ன எல்லாம் சக்கை பழுத்தா வேலிக்க அந்தப் பக்கம் நிண்ணு விளிப்பா. எனக்க பேரை அவளைப் போல ஒருத்தரும் விளிக்க மாட்டாவ."

"போய் மன்னிச்சுக்கோன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மாப்பு எண்ணு பறய வாயி வரல்ல. மூணு வரி வந்துது."

ஓமனாவுக்குக் கண்புரை அறுவை நடந்து கட்டு அவிழ்த்த மறுநாள் புத்தகம் வந்திருக்கிறது. நல்ல நேரம் என்று நினைத்து, தன் கவிதை உள்ள பக்கத்தில் ஒரு சீட்டை வைத்து, ஓமனாவின் மருமகளிடம் கொடுத்துவிட்டாள். அச்சில் வந்திருப்பதை இவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. டீச்சர் திருத்தியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள்.

"அவ வாசிச்சா. புதுக் கண்ணு வச்சு முதல்ல வாசிச்சது அதாக்கும். பழைய விழி! 'எனக்க கண்ணை இவ புஸ்தகத்தில அடிச்சு நாறடிச்சுப் போட்டா, சக்கைமேல நான் கண்ணு வச்சேனாம்' எண்ணு முற்றத்தில நிண்ணு சத்தம் போட்டா. நாலு வருஷம் கழிஞ்சு அவ வாயில எனக்க பேரு வந்தது அண்ணைக்குத்தான். வசவாட்டு வந்துது."

"அச்சுப் பிழைன்னு சொல்லலியா நீ?"

"சொல்லி அனுப்பினேன். அச்சில உள்ளது பொய்யாட்டு இருக்குமா எண்ணு கேட்டு விட்டா."

"சரி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே றோஸ்லின்?"

"விளக்கம் சொல்லக்கூடாது எண்ணு நீங்கதானே சொல்லியிருக்கிய. நான் வாலைப் பத்தி எழுதினேன். நீங்க வானத்தைப் பத்தி எழுதினிய."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, வேறு எப்படிச் சொல்வது? அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ஓமனாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். "போகாண்டாம் டீச்சர். உங்களையும் வசவு பறைவா" என்றாள். முப்பது வருடம் பெற்றோர் கூட்டம் நடத்தியவளுக்கு வசவு என்ன புதிதா என்றேன். கிளம்பும்போது டோக்கன் சீட்டு ஒன்றின் பின்னால் 'செங்கல்' என்று மலையாளத்தில் பெரிதாக எழுதித் தந்தாள். பஸ் பலகையோடு ஒட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

மூன்றாம் நாள் அப்படியே எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து ஏறி, சரியான ஊரில் இறங்கினேன். றோஸ்லின் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து அடுக்களையில் நின்றிருந்தாள். என்னோடு வர மாட்டேன் என்றுவிட்டாள். செம்பருத்தி வேலியைச் சுற்றிக்கொண்டு நான் மட்டும் ஓமனா வீட்டுக்குப் போனேன்.

ஓமனா முன்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னேன். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். முகம் இறுகிவிட்டது.

"அவ பறஞ்சு விட்டதா?"

"இல்லைங்க, வேண்டாம்னுதான் சொன்னா. தப்பு என்னோடது. அவ எழுதுனத நான் மாத்திட்டேன்." என் பிரதியை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, சிவப்புப் பேனாவால் ழகரத்தை அடித்துவிட்டு மேலே ளகரம் போட்டுக் காட்டினேன். என் வாழ்க்கையில் என் திருத்தத்தை நானே திருத்தியது அதுதான் முதல் தடவை.

ஓமனா அசையவில்லை. "டீச்சர், விளி எண்ணா விளி. விழி எண்ணா கண்ணு. ரெண்டும் எப்பிடி மாறும்? கூட்டுக்காரிக்கு வேண்டிக் கள்ளம் பறையாதீங்க."

"சத்தியமா மாறிடுச்சு. எங்க ஊர்ல ரெண்டையும்..."

"எங்க, ரெண்டையும் சொல்லுங்க பாப்பம்."

"விளி" என்றேன்.

"மற்றது?"

"விளி" என்றேன்.

வகுப்பில் என்றால் நாக்கை மடித்து ழகரத்தை அழகாகச் சொல்லியிருப்பேன். பதற்றத்தில் பிறந்த தெருவின் நாக்கு முந்திக்கொண்டது. ஓமனா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார்.

"வாழைப்பழம் சொல்லுங்க."

"வாளப்பளம்."

"டீச்சர் என்னவாக்கும் படிப்பிச்சிய?"

"தமிழ்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "எடி, இஞ்ச வா, இந்த டீச்சர் பறயுதைக் கேளு" என்று மருமகளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மருமகளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பட்டம், பதவி, ஓய்வு பெற்றபோது போட்ட சால்வை எல்லாம் அந்த முற்றத்தில் காற்றில் போயின. ஆனால் நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

சிரிப்பு ஓய்ந்ததும் ஓமனா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சிவப்பு மை பட்ட இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அப்பம்... நான் விளிக்குததையா எழுதியிருக்கா?"

"ஆமா."

"அது அவளுக்கு ஓர்மை உண்டா?"

"புத்தகத்துல போடுற அளவுக்கு ஞாபகம் இருக்கு."

அவர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கண்ணில வெள்ளம் வரக்கூடாது எண்ணு டாக்டர் சொல்லியிருக்கு" என்றார். அவ்வளவுதான். றோஸ்லினைப் பற்றி வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகள் தந்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்தபோது றோஸ்லின் அதே இடத்தில் நின்றிருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. "என்ன பறஞ்சா?" என்றாள். சிரித்தார் என்றேன். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார் என்றும் சொன்னேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தட்டைக் கழுவத் தொடங்கினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன், அவள் சாப்பிடவில்லை. இரண்டரை மணி ஆனது. என் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் வந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிக்கொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

அப்போது வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"றோசே..."

நடுவில் கொஞ்சம் வளைந்து, கடைசியில் மேலே ஏறுகிற குரல். எழுத்தில் போட என்னால் ஆகாது. நான் பரபரப்பாகி, "கூப்பிடுறாங்க, போ" என்று அவள் தோளைத் தொட்டேன். றோஸ்லின் அசையாமல் ஈரக் கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"மிண்டாதீங்க டீச்சர். நாலு வருஷம் ஆச்சு. இன்னும் ஒருக்கா விளிக்கட்டு."

"மக்கா, றோசே..."

அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மூன்றாவது விளிக்குத்தான், "இஞ்ச உண்டு" என்றாள்.